சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துமுன்: கொழும்பிலிருந்து முதல் ஆய்வுக்கட்டுரை அனுப்புவோருக்கு

கால் நூற்றாண்டுக்கு முன் ஆய்விதழ்களின் கணக்கு எளிது. நூலகம் சந்தா கட்டியது, வாசகர் நூலகத்துக்குப் போனார், எழுதியவர் தபால் செலவோடு தப்பினார். இன்று பல இதழ்களை யாரும் இலவசமாக வாசிக்கலாம், இதைத் திறந்த அணுக்கம் என்பார்கள். செலவு எழுதியவர் பக்கம் வந்துவிட்டது. பெரிய பதிப்பகங்களில் ஒரு கட்டுரைக்கு 2,000 டொலர் கேட்பது இப்போது சாதாரணம். டொலரை 300 ரூபாவாக வைத்தாலே ஆறு இலட்சம். ‘நேச்சர்’ இதழ் 2021 இல் திறந்த அணுக்கத்துக்குக் குறித்த விலை 9,500 யூரோ.

ஆனால் முதற்கட்டுரை சிக்கிக்கொள்வது பணத்தால் மட்டுமல்ல, வரிசை மாறுவதாலும்தான். கட்டணச் சலுகை, எத்திக்ஸ் (ஆய்வு நெறிமுறை) அனுமதி, பெயர் எழுதும் முறை, உரிமம் ஆகியவற்றை அனுப்புமுன் சரிசெய்வது எளிது. அனுப்பியபின் சிலவற்றுக்கு இழுபறிப்பட வேண்டும், சிலவற்றுக்கு வழியே இல்லை. கீழுள்ள படிகள் அந்த ஒழுங்கில் போகின்றன.

தரவு எடுக்குமுன்

மனிதரிடம் தரவு எடுக்கும் எந்த ஆய்வுக்கும் எத்திக்ஸ் குழுவின் அனுமதி தேவை. இரத்தம் எடுத்தால்தான் என்று இல்லை, வினாக்கொத்துக்கும் தேவை. வெள்ளவத்தையில் 120 கடைக்காரரிடம் படிவத்தை நிரப்பி முடித்துவிட்டுக் குழுவிடம் போனால், பின்திகதியிட்டு அனுமதி கிடைக்காது. இதழ் கேட்பது அனுமதி இலக்கத்தையும் திகதியையும். அந்தத் திகதி தரவு சேகரிப்புக்கு முந்தியதாக இருக்க வேண்டும். மருந்து, சிகிச்சை போன்றவற்றைச் சோதிக்கும் ஆய்வென்றால் இன்னொரு படி உண்டு: முதல் பங்கேற்பாளரைச் சேர்க்குமுன் பதிவேட்டில் பதிய வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் கீழ் இயங்கும் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஒன்று. முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

பெயரை ஒருமுறை முடிவுசெய்யுங்கள்

நம்மவர்கள் அலட்சியம் செய்யும் படி இதுதான். இதழின் படிவம் இடுபெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். நமக்கோ குடும்பப்பெயர் கிடையாது, தந்தை பெயர்தான் உண்டு. இராசையா மாலதி என்பவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட்டால், உலகம் அவரை ‘இராசையா, மா.’ என்று மேற்கோள் காட்டும். அவருடைய அண்ணனும் ஆய்வாளரென்றால் இருவரும் இராசையாதான். தன் பெயரை அந்தப் பெட்டியில் போட்டால் ‘மாலதி, இரா.’ ஆகும். இரண்டும் செல்லும். ஆனால் முதற்கட்டுரையில் ஒன்று, இரண்டாவதில் மற்றது என்றால் மேற்கோள்கள் இரு நபர்களுக்குப் பிரிந்துவிடும். சொந்தப் பெயரைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போடுவதே பெரும்பாலான தமிழருக்குப் பொருந்தும், ஏனெனில் துறையில் உங்களை அழைக்கப்போவது அந்தப் பெயரால்தான். திருமணத்துக்குப் பின் பெயர் மாறக்கூடியவர்களும் இதையே பின்பற்றலாம்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். மாலதியை ‘ஐ’ போட்டு முடிப்பதா ‘வை’ போட்டு முடிப்பதா, நடுவில் ‘எச்’ வருமா என்பதைக் கடவுச்சீட்டைப் பார்த்து ஒருமுறை தீர்மானித்து, பிறகு மாற்றாதீர்கள். முன்னெழுத்து மூன்று நான்கு கொண்ட முஸ்லிம் பெயர்களில் எல்லா முன்னெழுத்துகளையும் எப்போதும் போடுங்கள், அல்லது ஒன்றை மட்டும் எப்போதும் போடுங்கள்.

பெயர் முடிவானதும், ஆய்வாளராக உங்களை அடையாளம் காட்டும் ஓர்கிட் இலக்கம் எடுங்கள். 16 இலக்கம், இலவசம், ஐந்து நிமிட வேலை. பதியும்போது இரண்டு மின்னஞ்சல்கள் கொடுப்பது முக்கியம். பல்கலைக்கழக முகவரி மட்டும் கொடுத்தால், பட்டம் முடித்து அந்த முகவரி மூடப்பட்ட நாளில் கணக்கும் கையை விட்டுப் போகலாம்.

யார் ஆசிரியர், யார் தொடர்பு ஆசிரியர்

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு ஆசிரியர் தகுதிக்கு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பதை இது ஏற்காது. அவருக்கு நன்றியுரை போதும், சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். பல இதழ்கள் இப்போது 14 பங்களிப்பு வகைகள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்து யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. பெயர் வரிசையை மின்னஞ்சலில் எழுதி எல்லோரிடமும் ‘சரி’ வாங்கி வையுங்கள். வொட்ஸ்அப் குரல்பதிவு சான்றாகாது.

இதழோடு கடிதத் தொடர்பு வைப்பவரே தொடர்பு ஆசிரியர். அவரைத் தெரிவுசெய்வதில் பணக் கணக்கும் இருக்கிறது. கட்டணச் சலுகை பெரும்பாலும் தொடர்பு ஆசிரியரின் நிறுவனம் எந்த நாட்டில் உள்ளது என்பதைப் பார்த்தே கிடைக்கும். சில பதிப்பகங்கள் எல்லா ஆசிரியர்களும் சலுகை நாட்டவராக இருக்க வேண்டும் என்கின்றன. கொழும்பு மாணவர் எழுதிய கட்டுரைக்கு மெல்பேர்ணில் உள்ள மேற்பார்வையாளர் தொடர்பு ஆசிரியரானால் இலங்கைச் சலுகை போய்விடலாம். மறுபக்கம், அவருடைய பல்கலைக்கழகம் அந்தப் பதிப்பகத்தோடு சந்தாவையும் வெளியீட்டையும் சேர்த்து ஒப்பந்தம் செய்திருந்தால், அவர் தொடர்பு ஆசிரியராவதே எல்லோருக்கும் கட்டணத்தை இல்லாமல் செய்யும். இரண்டு கணக்கையும் போட்டுப் பார்த்தபின் முடிவுசெய்யுங்கள்.

இதழைத் தேடும் முறை

கூகுளில் ‘விரைவில் வெளியிடும் இதழ்’ என்று தேடத் தொடங்கினால் வலைக்குள் நீங்களே நடந்து போகிறீர்கள். தேட வேண்டிய இடம் உங்கள் கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல். அதில் மூன்று தடவைக்கு மேல் வரும் இதழ்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் அக்கறை உள்ள வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் நான்கைந்து பெயர்கள் தேறும்.

அடுத்து ஒவ்வொன்றுக்கும் பணம் யார் கட்டுகிறார் என்று பாருங்கள். சந்தா இதழில் எழுதுபவருக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. கலப்பு இதழில் தெரிவு உங்களுடையது: சந்தாப் பாதையில் போனால் சுழியம், திறந்த பாதையில் போனால் கட்டணம். முழுத் திறந்த இதழ்கள் பலவற்றில் கட்டணம் உண்டு. ‘வைர’ இதழ் என்று சொல்லப்படும் வகையில் எழுதுபவரும் கட்டுவதில்லை, வாசிப்பவரும் கட்டுவதில்லை. பல்கலைக்கழகமோ சங்கமோ செலவை ஏற்கிறது.

உள்ளூர் இதழ்கள் பல இந்தக் கடைசி வகைக்கு அருகில் நிற்கின்றன. கொழும்பு 7 இல் உள்ள தேசிய விஞ்ஞான மன்றம் இலங்கை இதழ்களை ஒரே தளத்தில் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. 1887 முதல் வரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலை அங்கே வாசிக்கலாம். மன்றத்தின் சொந்த ஆய்விதழ் கிளாரிவேட் நிறுவனம் தரம் பார்த்து இதழ்களைச் சேர்க்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையிலும் உள்ளது. கொழும்பின் டெங்குப் பரவலையோ மலையகத் தோட்டத்து வருமானத்தையோ பற்றிய கட்டுரையை முதலில் வாசிக்க வேண்டியவர்கள் இந்த நாட்டில்தான் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பெயருக்காக அதை ஐரோப்பாவின் மூன்றாந்தர இதழுக்கு அனுப்புவது வீண்செலவு.

சரிபார்ப்பு: இதழின் சொல்லை நம்பாதீர்கள்

இதழின் முகப்பில், ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தின் சின்னம் இருப்பது எதற்கும் சான்றல்ல, படத்தை யாரும் ஒட்டலாம். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கம் இலவசம். அங்கே போய், இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் இலக்கத்தின் எட்டு இலக்கங்களையும் இட்டுத் தேடுங்கள். பெயரை இட்டால் ஏறத்தாழ அதே பெயருடைய வேறு இதழ் வந்து ஏமாற்றும். எந்த ஆண்டு வரை அட்டவணையில் உள்ளது என்பதையும் பாருங்கள். ‘2021 வரை’ என்று இருந்தால் நீக்கப்பட்டது என்று பொருள். கிளாரிவேட்டுக்கும் திறந்த இதழ்களின் கோப்பகமான டிஓஏஜேக்கும் இதே வேலை. ஐஎஸ்எஸ்என் இருப்பது ஒரு தொடர் வெளியீடு என்பதை மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரியைச் சொல்லும் இம்பாக்ட் ஃபாக்டர் என்ற எண்ணைத் தருவது கிளாரிவேட் மட்டும்தான். அதற்கு முன்னால் ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது வேறொரு கடையின் எண்.

கடத்தப்பட்ட இதழ்கள் இன்னும் நுட்பமான மோசடி. உண்மையான இதழின் பெயர், இலக்கம், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் நகலெடுத்து வேறொரு முகவரியில் தளம் திறப்பார்கள். ஸ்கோபஸில் தேடினால் இதழ் இருக்கும், ஆனால் நீங்கள் பணம் கட்டும் தளம் அதுவல்ல. எனவே மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாமல், சர்வதேச ஐஎஸ்எஸ்என் தளத்தில் தரப்பட்ட முகவரி வழியாகப் போங்கள். ரிட்ராக்‌ஷன் வோச் என்ற கண்காணிப்புக் குழு இத்தகைய போலித் தளங்களின் பட்டியலை இலவசமாக வைத்திருக்கிறது. ஆசிரியர் குழுவில் இருவரைத் தெரிவுசெய்து, அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டுள்ளதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை.

ஏழு நாளில் ஏற்பு என்ற வாக்குறுதி, கட்டணத்தை ஏற்புக்குப் பின்பே சொல்வது, பொறியியல் முதல் சித்த மருத்துவம் வரை ஒரே இதழில், கட்டுரையைத் திரும்பப் பெறவும் கட்டணம்: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே விலகுங்கள். சக ஆய்வாளர் மதிப்பீடு ஒழுங்காக நடந்தால் இரண்டு முதல் ஆறு மாதம் ஆகும். 2019 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, ஓமிக்ஸ் என்ற பதிப்பக நிறுவனம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாகத் தீர்ப்பளித்து 5 கோடி டொலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. ஆனால் கட்டுரை கேட்டு வரும் அந்த வகை மின்னஞ்சல்கள் அதற்குப் பின்னும் குறையவில்லை.

பெரிய பெயரும் காப்பல்ல. வைலி நிறுவனம் 2021 இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தில், சிறப்பிதழ்கள் வழியாகப் புகுந்த போலிக் கட்டுரைகளால் 2023 இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்டவை மீளப்பெறப்பட்டன. பிறகு அந்தப் பெயரே கைவிடப்பட்டது. 2023 மார்ச்சில் எம்டிபிஐ பதிப்பகத்தின் மிகப் பெரிய இதழ்களில் ஒன்றைக் கிளாரிவேட் அட்டவணையிலிருந்து நீக்கியது. அதில் நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள். எனவே அறிமுகமில்லாதவர் சிறப்பிதழுக்கு அழைத்தால், அதன் விருந்தினர் ஆசிரியர் யார், அவர் துறை என்ன என்று தேடுங்கள். அட்டவணைப் பக்கத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் ஒருமுறை, வெளியான நாளில் ஒருமுறை திகதி தெரியத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தோடு மூன்று ஆண்டு கழித்து அது தேவைப்படும்.

பணம்

வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ரிசேர்ச்4லைஃப் திட்டத்தில் இலங்கை ‘பி’ குழுவில் உள்ளது. பல பதிப்பகங்கள் ‘ஏ’ குழுவுக்கு முழு விலக்கும் ‘பி’ குழுவுக்குப் பாதிக் கட்டணமும் தருகின்றன. வேறு சில உலக வங்கியின் வருமானப் பிரிவைப் பார்க்கின்றன. பட்டியல்கள் ஆண்டுதோறும் மாறுவதால் இதழின் பக்கத்தில் நாட்டின் பெயரைத் தேடிப் பாருங்கள். பாதியும் மூன்று இலட்சம்தான் என்பதால் அதோடு நிற்க வேண்டியதில்லை. ஆய்வுக்கு நிதியுதவி கிடையாது என்று எழுதி முழு விலக்கும் கேட்கலாம். கேட்க வேண்டியது சமர்ப்பிக்கும் நேரத்தில். ஏற்புக் கடிதம் வந்தபின் கேட்டால் பல பதிப்பகங்கள் பரிசீலிப்பதே இல்லை. கடிதம் நான்கு வரி போதும்: கட்டுரைத் தலைப்பு, தொடர்பு ஆசிரியரின் நிறுவனமும் நாடும், நிதியுதவி இல்லை என்ற கூற்று, எவ்வளவு கட்ட இயலும் என்பது. வறுமைக் கதை வேண்டாம். நல்ல இதழ்களில் இந்தக் கோரிக்கை மதிப்பீட்டாளருக்குத் தெரியவராது.

கட்டவே போகிறீர்களென்றால், நிறுவனத்தின் முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். பல நிறுவனங்களில் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டோடு போனால் மீளக்கொடுப்பு கிடைக்காது. விலைப்பட்டியலை யார் பெயரில் கேட்பது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் எல்லா வங்கிக் கட்டணங்களையும் அனுப்புபவரே ஏற்கும் முறையைக் கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் இடைவங்கி 20, 30 டொலர் கழித்துக்கொள்ள, பதிப்பகம் ‘முழுத்தொகை வரவில்லை’ என்று கட்டுரையை நிறுத்தி வைக்கும்.

கலப்பு இதழில் சந்தாப் பாதையில் போனவருக்கும் கட்டுரையைத் திறந்து வைக்க வழி உண்டு. மதிப்பீடு முடிந்து ஏற்கப்பட்ட, ஆனால் பதிப்பகம் அடுக்கமைக்காத உங்கள் கோப்பைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இடலாம். பல இதழ்கள் 6 முதல் 24 மாதம் காத்திருக்கச் சொல்கின்றன. எந்த இதழ் எதை அனுமதிக்கிறது என்பதைப் பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்தும் இலவசத் தளத்தில் பார்க்கலாம். பதிப்பகம் அடுக்கமைத்த பிடிஎஃபை, ஆய்வாளர்களின் வலைத்தளமான ரிசேர்ச்கேட்டில் ஏற்றுவது வேறு விடயம். அது பெரும்பாலும் உரிமை மீறல்.

உரிமம் கேட்கும் பெட்டி

திறந்த இதழ் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும். ‘சிசி பை’ என்றால் உங்கள் பெயரைச் சொல்லி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். ‘என்டி’ சேர்ந்தால் மாற்றிய வடிவத்தை வெளியிடக்கூடாது, மொழிபெயர்ப்பும் அதில் அடங்கும். நாளை அதைத் தமிழிலோ சிங்களத்திலோ ஒருவர் வெளியிட விரும்பினால் அனுமதி கேட்க வேண்டும். வெளியிடும் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களே கூடக் கேட்க வேண்டும். பாதுகாப்பென்று நினைத்து ‘என்டி’யைத் தொடும் பலர் இதை எண்ணுவதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கட்டுரை கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ஆங்கில விசைகளின் குப்பை. தேடுபொறி அதை வாசிக்காது, பிறர் எழுத்தோடு ஒப்புமை சோதிக்கும் மென்பொருளும் வாசிக்காது. பத்தாண்டு கழித்து உங்கள் கட்டுரை உலகில் இருந்தும் இல்லாததுபோல் கிடக்கும். யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள். முதலாவது, கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பு தனியே பிரிந்து புள்ளிவட்டம் தெரிகிறதா? இரண்டாவது, துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்திருக்கிறதா? பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகிக் கிடக்கும், மெய்ப்புப் பார்ப்பவருக்கும் படாது. மூன்றாவது, ‘ஔ’ என்ற ஓரெழுத்து ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டப்பட்டிருக்கிறதா? இறுதிப் பிடிஎஃபில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரி சிதறாமல் வந்தால் அட்டவணைகளும் அதை வாசிக்கும். ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழ் மூலத்திலிருந்து வரிக்கு வரி மொழிபெயர்க்காமல் தனியே எழுதுங்கள். வெளிநாட்டு வாசகர் காணப்போவது அதை மட்டும்தான்.

செயற்கை நுண்ணறிவும் முன்பதிப்பும்

2023 முதல் பெரும்பாலான இதழ்களின் விதி ஏறத்தாழ ஒன்றே: மென்பொருள் ஆசிரியராக முடியாது, பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும், பிழைக்குப் பொறுப்பு மனிதருடையது. மொழிதிருத்தத்துக்குப் பயன்படுத்துவது பரவலாக ஏற்கப்படுகிறது. எந்தக் கருவி, எந்த வேலைக்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உசாத்துணையை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பும் ஆண்டும் உண்டாக்கித் தரும். கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டிஓஐ ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்துத் திறக்காததை நீக்குங்கள். ஒப்புமை விகிதத்தைக் குறைக்கச் சொல்மாற்றிக் கருவிக்குள் பந்தியைப் போடுவது அதைவிட ஆபத்து. ‘செயற்கை நுண்ணறிவு’ என்பதைப் ‘போலி உணர்வு’ என்றும், ‘மார்பகப் புற்றுநோய்’ என்பதை ‘நெஞ்சு ஆபத்து’ என்றும் பொருள்படும் ஆங்கிலத்தில் மாற்றிய கட்டுரைகள் பல பிடிபட்டு மீளப்பெறப்பட்டிருக்கின்றன.

மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை வெளியிடும் முன்பதிப்புத் தளங்கள் இலவசம். இயற்பியல், கணிதத்துக்கு 1991 முதல் ஆர்கைவ், மருத்துவத்துக்கு 2019 முதல் மெட்ஆர்கைவ். உங்கள் இதழ் முன்பதிப்பை ஏற்கிறதா என்று பார்த்தபின் ஏற்றுங்கள். ஏற்றியதை முற்றாக அழிக்க முடியாது.

அனுப்பியபின்

ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக்கூடாது, இதில் விலக்கில்லை. சில நாளிலேயே மறுப்பு வந்தால் கட்டுரை மோசம் என்றில்லை, இதழின் எல்லைக்குள் அது பொருந்தவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அடுத்த பெயருக்குப் போங்கள். ‘பெரும் திருத்தம்’ என்று வந்தால் மனம் தளராதீர்கள், அது நல்ல செய்தி. மூன்று நிரலில் அட்டவணை போடுங்கள்: மதிப்பீட்டாளர் சொன்னது சொல்லுக்குச் சொல், உங்கள் பதில், மாற்றிய இடத்தின் வரி இலக்கம். ஏற்காத ஆலோசனைக்குக் காரணம் எழுதுங்கள், மௌனமாகத் தாண்டாதீர்கள். அவகாசம் போதாவிட்டால் முடியுமுன் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

போலி இதழுக்கு அனுப்பியபின்தான் விழித்தீர்களென்றால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாமல், திரும்பப் பெறுகிறேன் என்று திகதியிட்ட மின்னஞ்சல் அனுப்பி நகலை வையுங்கள். ‘திரும்பப் பெறும் கட்டணம்’ கேட்பார்கள், கட்டாதீர்கள். அவர்கள் உறுதிப்படுத்தும் வரையோ தளத்தில் கட்டுரை இல்லை என்று தெரியும் வரையோ வேறெங்கும் அனுப்பாதீர்கள். பிறகு புதிய இதழின் ஆசிரியருக்கு நடந்ததை முகப்புக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்புக்குப் பின் மெய்ப்பு வரும். பெரும்பாலும் 48 மணிநேரம்தான் தருவார்கள். வார இறுதியில் வந்தாலும் அன்றே திறந்து, முதலில் ஆசிரியர் பெயர்களையும் நிறுவனப் பெயரையும், பிறகு அட்டவணையின் தசமப் புள்ளிகளையும், கடைசியாகத் தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்தில் வரும் இடங்களின் மேற்குறிகளையும் பாருங்கள். இதற்குப் பின் கண்டுபிடிக்கும் பிழையை யாரும் சத்தமில்லாமல் மாற்றித் தரமாட்டார்கள். அது தனி டிஓஐயோடு ‘திருத்தம்’ என்று உங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் நிற்கும்.